ஐரோப்பியக் குழிமுயலும் டெத் கேப் காளானும்: எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

முல்லைவாணன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். ஓர் உயிரினம் மனிதரால் வேறொரு கண்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டால் என்ன நேர்கிறது என்ற பாடத்துக்கு, வழக்கம்போல் இரண்டு செடிகளையோ இரண்டு விலங்குகளையோ எடுக்காமல், ஒரு விலங்கையும் ஒரு பூஞ்சையையும் அருகருகே வைத்துக் காட்ட விரும்புகிறேன். நான் தேர்ந்தெடுத்தவை ஐரோப்பியக் குழிமுயலும் (ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ்), டெத் கேப் எனப்படும் நச்சுக்காளானும் (அமனிட்டா ஃபலாய்டிஸ்). இரண்டுமே ஐரோப்பாவுக்கு உரியவை. இரண்டுமே ஆஸ்திரேலியாவுக்கு மனிதரால் போய்ச் சேர்ந்தவை. இரண்டின் பெயரைக் கேட்டாலும் அங்குள்ளவர்கள் எச்சரிக்கையாகிவிடுகிறார்கள்.

ஒப்பீட்டு அட்டவணையை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முயலுக்கு எடை, குட்டிகளின் எண்ணிக்கை, ஆயுள், உணவு என்று எழுதிக்கொண்டே போகலாம். காளானுக்கு அதே கட்டங்களில் எதை எழுதுவது? குடையின் விட்டத்தை எழுதினால் அது அந்த உயிரியின் அளவாகாது. மண்ணுக்குள் இருக்கும் இழைவலைதானே உண்மையான உயிரி? விலங்குக்கென்று வகுத்த கேள்விகளைப் பூஞ்சையிடம் கேட்பது சரியா, அல்லது இரண்டுக்கும் பொதுவாகக் கேட்கத்தக்க கேள்விகள் வேறு இருக்கின்றனவா? காட்டுப்பூஞ்சைகளை அறிந்தவர்களும் பாலூட்டிகளை அறிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன். டெத் கேப் காளானை முயல் தின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று எங்கோ படித்தேன். அது உண்மைதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானகத்தடம் எழுதியது:

ஐயா, தேர்வு மிக நல்ல தேர்வு. கட்டங்களைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். எடையையும் ஆயுளையும் விட்டுவிட்டு, 'புதிய மண்ணில் இறங்கும்போது இந்த உயிருக்கு உடன் என்ன வேண்டியிருந்தது?' என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டுப் பாருங்கள். ஒப்பீடு தானாகவே திறந்துகொள்ளும்.

முயலின் வருகை நாள் கணக்கோடு தெரியும். விக்டோரியா மாநிலத்தில் வின்செல்சீ ஊருக்கு அருகில் பார்வன் பார்க் என்ற பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 24 முயல்கள் 1859 டிசம்பர் 25 அன்று மெல்பர்ன் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஆஸ்திரேலியாவுக்கு முயல் அதற்கு முன்பே வந்திருந்தது. 1788இல் வந்த முதல் கப்பல் தொகுதியிலேயே வளர்ப்பு முயல்கள் இருந்தன. அவையும் பின்னால் வந்த பிறவும் அங்கங்கே தங்கிப்போயினவே தவிரக் கண்டம் முழுதும் பரவவில்லை. 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பெருநிலப்பகுதியை நிரப்பிய முயல்கூட்டம் ஆஸ்டினுக்கு வந்த அந்த ஒரு தொகுதியிலிருந்தே கிளைத்தது என்று காட்டியது. அந்தத் தொகுதியில் காட்டு முயலின் இரத்தம் கலந்திருந்ததே வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றும் அது கருதுகிறது. பரவிய வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியா 1901இல் தொடங்கி 1907இல் முடித்த முதலாம் எண் முயல்தடுப்பு வேலி 1,800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. ஆனால் வேலி முழுமையடைவதற்குள் முயல்கள் அதன் மேற்கே போய்விட்டிருந்தன.

டெத் கேப்புக்கு இப்படி ஒரு நாள் கிடையாது. அதை எவரும் விரும்பிக் கொண்டுவரவில்லை. நிழலுக்கும் அழகுக்கும் ஐரோப்பிய மரக்கன்றுகளைக் கொண்டுவந்தபோது, வேரோடு ஒட்டிய மண்ணில் அதுவும் வந்தது என்பதே பொதுவான விளக்கம். கொண்டுவந்தவர்களுக்கே தெரியாமல் வந்த உயிரின் தேதியை உலர்காளான் சேகரிப்புகளைக் கொண்டுதான் கணிக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் கிடைத்துள்ள பழைய பதிவு 1938ஆம் ஆண்டுக்குரியது. மான்டரேயில் ஒரு விடுதியின் தோட்டத்தில் எடுக்கப்பட்டது. அடுத்தது 1945இல் பெர்க்லியில். வட அமெரிக்காவில் இதே பெயரில் எழுதி வைத்திருந்த இன்னும் பழைய மாதிரிகள் பல, சரிபார்த்தபோது வேறு அமனிட்டா இனங்களாக இருந்தன. அது அங்கே இயல்பாக இருந்ததா, வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்கே 2009 வாக்கில்தான் தெளிவான விடை கிடைத்தது.

இப்போது முன்சொன்ன கேள்விக்கு வருவோம். முயலுக்குத் தேவைப்பட்டவை புல்லும், தோண்டுவதற்கு இளகிய மண்ணும், ஒரு துணையும் மட்டுமே. சினைக்காலம் ஏறத்தாழ 30 நாள். ஈன்ற உடனேயே மறுபடியும் சினையாக முடியும். டெத் கேப்புக்கோ உயிருள்ள மரவேர் வேண்டும். அது இலைமக்கைத் தின்று வாழும் காளான் அன்று. ஓக், பீச், கஷ்கொட்டை போன்ற மரங்களின் நுனிவேர்களை இழைகளால் உறைபோல் போர்த்தி, மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குக் கொடுத்து, மரம் ஒளியில் ஆக்கிய சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும் வேர்க்கூட்டாளி அது. மைக்கோரைசா என்று பாடநூலில் இருப்பது இதுதான். ஆகவே உண்மையில் நீங்கள் முயலையும் காளானையும் ஒப்பிடவில்லை. தனியே வந்து தனியே பிழைத்த ஓர் உயிரையும், மரத்தோடு சேர்ந்தால் மட்டுமே உயிராக இருக்கக்கூடிய ஒன்றையும் ஒப்பிடுகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் இக்காளான் பெரும்பாலும் கான்பராவிலும் மெல்பர்ன் பகுதியிலும் நடப்பட்ட ஓக் மரங்களின் அடியிலேயே தென்படுவதும், கண்டம் முழுதும் பரவாததும் இதனால்தான். கலிபோர்னியாவில் கதை வேறு: அங்கே கடலோரத்து நாட்டு ஓக் ஒன்று அதன் வேருறவை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதனால் பூங்காக்களைத் தாண்டி இயற்கைக் காட்டுக்குள்ளும் நுழைந்து, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி மழைக்காலத்தில் ஏராளமாக முளைக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தெருவோர ஹார்ன்பீம் போன்ற மரங்களோடு வந்து, பிறகு அங்குள்ள நாட்டு ஓக்கின் அடியிலும் தோன்றத் தொடங்கியிருக்கிறது. ஒரே காளான், மூன்று நாடுகளில் மூன்று வகை நடத்தை. வேறுபாட்டைத் தீர்மானிப்பது அங்குள்ள மரங்கள். உங்கள் மாணவர்களிடம் இதை மட்டும் விரிவாகச் சொன்னாலும் போதும் என்பேன்.

இன்னொன்று. காளானின் வித்துகள் காற்றில் பறந்து எங்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்க்கூட்டுக் காளான்களில் அளந்து பார்த்தபோது, வித்துகளில் மிகப் பெரும்பங்கு குடையிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுவது தெரிந்தது. தப்பித் தொலைவு போகும் சில வித்துகளும் ஏற்ற மரத்தின் வேரருகே விழுந்தாக வேண்டும்.

மருதநிலா எழுதியது:

முயல் தின்றால் ஒன்றும் ஆகாது என்ற செய்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவதால் இதைக் கடந்துபோக முடியவில்லை.

வாய்வழியாக உட்கொண்டால் முயல் இந்த நஞ்சை ஓரளவு தாங்குகிறது என்ற கருத்து ஐரோப்பாவில் நெடுநாளாக இருந்து வருகிறது. அதையே அடிப்படையாகக் கொண்டு 1930களில் பிரான்சில் ஒரு சிகிச்சை முறையும் வழக்கில் இருந்தது: காளான் நஞ்சுண்டவருக்கு முயலின் இரைப்பையையும் மூளையையும் சமைக்காமல் நறுக்கி ஊட்டினார்கள். முயலின் உடலில் நஞ்சை முறிக்கும் பொருள் இருக்கிறது என்பது அவர்களின் ஊகம். அது நிலைக்கவில்லை. அதே நஞ்சை ஊசிவழி செலுத்தினால் முயலும் இறந்துவிடுகிறது. குடல் எவ்வளவை உள்ளே விடுகிறது, கல்லீரல் எவ்வளவை உறிஞ்சுகிறது என்பவற்றில் விலங்குக்கு விலங்கு வேறுபாடு உண்டு. இதில் மனித உடல் பாதுகாப்பற்ற பக்கத்தில் இருக்கிறது.

நஞ்சின் பெயர் அமாடாக்சின். மரபணுவில் உள்ள செய்தியைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் II என்ற நொதியை அது முடக்கிவிடுகிறது; படி எடுக்க முடியாத செல் புதிய புரதங்களை ஆக்க இயலாமல் மெல்ல மெல்லச் சாகிறது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் இந்த நஞ்சு சிதையாது. உண்டவருக்கு முதல் 6 முதல் 12 மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், எதுவுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதன்பின் நோயாளி தேறிவிட்டதுபோல் ஒரு நாள் தோன்றும். வீட்டார் நிம்மதியடைந்து மருத்துவமனையை விட்டுக் கிளம்பிவிடக்கூடிய நாள் அதுதான். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். பால் நெருஞ்சிலிலிருந்து எடுக்கும் சிலிபினின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள், உடலின் நீரிழப்பைச் சரிசெய்கிறார்கள். முற்றிய நிலையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. 2023இல் சீன ஆய்வாளர்கள், மருத்துவப் படமெடுப்பில் ஏற்கெனவே பயன்படும் இண்டோசயனின் கிரீன் என்ற சாயப்பொருள் இந்த நஞ்சின் விளைவைக் குறைப்பதை மனித செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். நோயாளிகளிடம் அது பயன்படுமா என்பது இனிமேல் தெரிய வேண்டியது.

மாணவர்களுக்கு அடையாளம் காட்டும்போது குடையின் நிறத்தை மட்டும் காட்டாதீர்கள். வெளிர்மஞ்சள் கலந்த பச்சை என்று நூல்களில் இருக்கும். ஆனால் வெண்மையாகவும் மங்கிய பழுப்பாகவும் கூட வரும். குடைக்கு அடியில் வெண்ணிற மடிப்புத் தகடுகள், காம்பின் மேற்பகுதியில் பாவாடை போன்ற ஒரு வளையம், அடியில் பை போன்ற ஓர் உறை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பை மண்ணுக்குள் இருப்பது. காம்பைப் பிடித்து மேலே இழுத்துப் பறிப்பவர் கையில் பை வராது, மண்ணிலேயே தங்கிவிடும். முக்கியமான அடையாளத்தை விட்டுவிட்டுக் காளான் மட்டும் சமையலறைக்கு வந்து சேருகிறது. தென்கிழக்கு ஆசியாவில் உண்ணும் வைக்கோல் காளானும் இளம்பருவத்தில் இப்படி உறைக்குள் முட்டை வடிவில் இருப்பதால், ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் ஏமாந்து உண்டு இறந்திருக்கிறார்கள். கான்பராவில் 2012 புத்தாண்டையொட்டி இக்காளானைச் சமைத்து உண்டவர்களில் இருவர் இறந்தார்கள்.

நம் ஊர்களிலும் பூச்சி கடித்த காளான், ஆடு மேய்ந்த காளான் ஆபத்தில்லாதது என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. மஞ்சளோ வெள்ளிக் கரண்டியோ போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் அமாடாக்சினைக் காட்டிக் கொடுக்காது. முயல் செய்தியை வகுப்பில் சொல்வதானால், இதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முல்லைவாணன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 'உடன் என்ன வேண்டியிருந்தது' என்ற கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நஞ்சுப் பகுதியைத் தனிப் பாடவேளையாகவே வைக்கப்போகிறேன். மேலும் இரண்டு ஐயங்கள். தம் சொந்த நிலத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று எங்காவது தொடுகின்றனவா? முயலைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவில் வைரஸைப் பயன்படுத்தியதுபோல் காளானுக்கும் ஏதேனும் செய்ய இயலுமா?

செங்காந்தள் எழுதியது:

முதல் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் தொடும் இடம் ஓக் மரத்தின் இளங்கன்று.

ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் ஓக் தோப்புகள் குழிமுயலின் தாயகம். அதே தோப்புகளில், மரங்களின் அடியில், டெத் கேப்பும் இயல்பாக முளைக்கிறது. ஓக் கன்று முளைவிட்டதும் மண்ணில் உள்ள வேர்க்கூட்டுப் பூஞ்சைகள் அதன் நுனிவேரைப் பற்றிக்கொண்டு ஊட்டுகின்றன. டெத் கேப் அப்படிப் பற்றும் பல இனங்களில் ஒன்று. முயலோ அதே கன்றின் தளிரைக் கடித்துவிடுகிறது. மண்ணுக்கு மேலே ஒன்று கன்றைக் குறைக்க, மண்ணுக்குக் கீழே ஒன்று அதை வளர்க்கிறது. முயல் மேய்ச்சல் மிகுந்த இடங்களில் புல்வெளி புல்வெளியாகவே நிற்கும், மரம் மேலெழாது.

இதை இங்கிலாந்து கண்ணெதிரே பார்த்தது. 1952இல் பிரான்சில் ஒரு மருத்துவர் தம் தோட்டத்து முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸை விட, அது ஐரோப்பா முழுதும் பரவி 1953இல் பிரிட்டனை அடைந்து, அங்கிருந்த முயல்களில் மிகப் பெரும்பான்மையை இரண்டே ஆண்டுகளில் கொன்றது. முயல் மேய்ந்து குட்டையாக வைத்திருந்த சுண்ணாம்பு மண் புல்வெளிகளில் புல் உயர்ந்தது, புதர் மண்டியது, பல இடங்களில் மரக்கன்றுகள் தலைதூக்கின. குட்டைப் புல்லின் வெப்பத்தில் வாழும் ஓர் எறும்பினம் குறைந்தது. அந்த எறும்பின் கூட்டில் புழுப்பருவத்தைக் கழிக்கும் பெருநீலப் பட்டாம்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்தே மறைந்தது. பின்னர் வெளியிலிருந்து கொண்டுவந்துதான் அதை மீட்டார்கள். இத்தனைக்கும் பிரிட்டனுக்கு முயல் சொந்தமில்லை. இடைக்காலத்தில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் நார்மானியர் காலத்தில் பெருமளவில் கொண்டுவரப்பட்டது. ஆகவே, 'அயல் உயிர்' என்றாலே தீங்கு என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடாதபடி இந்த எடுத்துக்காட்டைச் சேர்க்கலாம். கானகத்தடம் எழுதியதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக்கருத்து இங்கேதான்: வந்து இறங்கும்போது என்ன தேவைப்பட்டது என்பதோடு, வந்தபின் எவை அதைச் சார்ந்து வாழத் தொடங்கின என்பதையும் கேட்க வேண்டும்.

தாயகத்தில் முயலின் நிலை இன்னும் வருத்தமானது. மிக்சோமாவுக்குப் பின், 1984இல் சீனாவில் முதலில் அறியப்பட்ட குருதிக்கசிவு நோய் ஐரோப்பாவை எட்டியது; 2010இல் பிரான்சில் அதன் புதிய வகையொன்று தோன்றியது. தன் இயற்கைப் பரப்பில் அருகிவரும் இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) 2019இல் குழிமுயலை வகைப்படுத்தியது. ஐபீரிய லின்க்ஸ் என்ற அங்குள்ள காட்டுப்பூனையின் உணவில் பெரும்பகுதி முயல்தான். 2002இல் நூற்றுக்கும் குறைவாக இருந்த அந்தப் பூனையை மீட்கப் பாடுபட்டவர்கள், முயலைப் பெருக்கும் வேலையையும் சேர்த்தே செய்தார்கள். ஒரு கண்டத்தில் வைரஸ் வைத்து ஒழிக்கும் விலங்கை இன்னொரு கண்டத்தில் செயற்கை வளை அமைத்துக் காக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

முயலைப் பற்றிச் சொல்லும்போது, நம் காடுகளிலும் புன்செய்களிலும் ஓடும் கருங்கழுத்து முயல் வேறு வகை என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். அது வளை தோண்டாது. அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். குழிமுயலின் குட்டிகள் மயிரின்றி, கண் திறக்காமல் பிறக்கின்றன. தாய் தனியாக ஒரு குறுகிய வளை தோண்டி, தன் மயிரைப் பிடுங்கி மெத்தையிட்டு ஈனும். பிறகு நாளுக்கு ஒருமுறை வந்து சில நிமிடம் பாலூட்டிவிட்டு, வளைவாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது ஐயத்தைப் பூஞ்சை அறிந்தவர்கள் தீர்ப்பதே முறை.

கானகத்தடம் எழுதியது:

செங்காந்தள் சொன்ன திருத்தத்தை முழு மனதோடு ஏற்கிறேன். கலிபோர்னியாவில் நாட்டு ஓக்கின் வேர்கள் இப்போது டெத் கேப்போடு பிணைந்திருப்பதால், அந்தக் கேள்வியைக் காளானிடமும் கேட்கத்தான் வேண்டும்.

வைரஸைப் பொறுத்தவரை, பூஞ்சைக்கும் வைரஸ் நோய் வரும். கஷ்கொட்டை மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சையை, அதைப் பலவீனப்படுத்தும் வைரஸைக் கொண்டு ஐரோப்பாவில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த வைரஸ் ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குப் போக, இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று இணைய வேண்டும்; மரபில் வேறுபட்ட இழைகள் எளிதில் இணைவதில்லை. முயலிடம் மிக்சோமா வென்றதற்குக் கொசுவும் தெள்ளுப்பூச்சியும் அதைச் சுமந்து சென்றது ஒரு காரணம். 1950இல் ஆஸ்திரேலியாவில் விட்டபோது நோயுற்ற முயல்களில் ஏறக்குறைய எல்லாமே இறந்தன. சில ஆண்டுகளிலேயே வைரஸின் கடுமை தணிந்தது, முயலின் எதிர்ப்பாற்றல் வளர்ந்தது. அதனால்தான் இரண்டாவதாக, குருதிக்கசிவு நோயின் வைரஸை நாடினார்கள். அதுவும் 1995இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் நடந்த ஆய்விலிருந்து திட்டமிட்ட காலத்துக்கு முன்பே வெளியேறிப் பரவியது.

டெத் கேப்புக்கு எதிராக அப்படி ஒரு வைரஸ் இன்று கையில் இல்லை. குடைகளைப் பறித்து எறிவதால் மக்கள் உண்ணும் ஆபத்து குறையும். மண்ணுக்குள் இருக்கும் இழைவலை அப்படியே இருக்கும். பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் அந்த வேரில் இருக்கும் மற்றப் பூஞ்சைகளும் மடியும், மரமும் பாதிக்கப்படும். போதாக்குறைக்கு, கலிபோர்னியாவில் உள்ள டெத் கேப் காளான்களில் சில, இணை சேராமலேயே ஒற்றை வித்திலிருந்து வளர்ந்து குடைவிட்டவை என்று அண்மைக்கால மரபணு ஆய்வில் தெரிந்திருக்கிறது. முயல் குடியேற ஆணும் பெண்ணும் வேண்டும். இதற்கு ஒரு வித்தும் ஒரு வேரும் போதும். ஆகவே கான்பரா போன்ற ஊர்களில் செய்யக்கூடியது, இலையுதிர் பருவ மழைக்குப் பின் ஓக் மரத்தடிகளைப் பார்த்து வருவதும், பல மொழிகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பதும், புதிதாக நடும் கன்றுகளின் வேர்மண்ணைச் சோதிப்பதும்தான். உங்கள் அட்டவணையில் 'தடுக்கும் வழி' என்று ஒரு கட்டம் இருக்குமானால், முயலுக்கு எதிரே வேலி, வைரஸ், வளையை உழுது அழித்தல் என்று எழுதுங்கள். காளானுக்கு எதிரே நாற்றுப்பண்ணையின் பெயர்ப்பலகையை வரைந்தாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.